அம்பர் மணி, பிசின் மணி, ரெசின் மணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் மாலை கோர்த்துக் கொடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. ருத்ராட்சம், துளசி, ஸ்படிகம், பவளம், செபமாலை, முஸ்லிம்கள் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மாலை எல்லாம் வரும். அறுந்ததைக் கோர்ப்போம், தொளதொளத்ததை இறுக்கிக் கொடுப்போம். இப்போதெல்லாம் தேன் நிறத்தில் மஞ்சளாக ஒரு மணியைக் காட்டி, "இது அம்பரா, போடலாமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். துபாயிலிருந்து மச்சான் அனுப்பியது, ஆன்லைனில் வாங்கியது, தாத்தா பெட்டியில் கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. சந்தேகம் மட்டும் ஒன்றேதான். அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அம்பர்னா என்னண்ணே, கல்லா?

கல் இல்லை, மரத்துப் பிசின். காயம்பட்ட மரத்திலிருந்து வழிந்து, மண்ணுக்குள் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிப்போனது. கடைகளுக்கு அதிகம் வருவது பால்டிக் கடலோரத்து அம்பர். ரஷ்யாவின் கலினின்கிராட், போலந்து, லிதுவேனியா பக்கம் கிடைப்பது. அதன் வயது ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகள். டொமினிகன் நாட்டு அம்பர் அதைவிட இளையது. வட பர்மாவில் கிடைப்பது மிக மூத்தது, சுமார் 9.9 கோடி ஆண்டுகள்.

பிசின் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின்தான் ஞாபகத்துக்கு வரும். அது வேறு ரகம். பாதாம் பிசின், வேப்பம் பிசின், முருங்கைப் பிசின் எல்லாம் தண்ணீரில் ஊறும், பொங்கும் அல்லது கரையும். அம்பராக மாறுவது தண்ணீர் தொடாத பிசின். சாம்பிராணி, குங்கிலியம் இருக்கின்றனவே, அந்த ஜாதி. தண்ணீரில் போட்டால் அப்படியே கிடக்கும், நெருப்பில் போட்டால் உருகிப் புகையும்.

ரெசின், பிசின், அம்பர் மூணும் ஒண்ணுதானே? ஏன் விலை இவ்வளவு வித்தியாசம்?

குழப்பத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. இன்று கடையில் "ரெசின்" என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு பாட்டில் திரவத்தைக் கலந்து அச்சில் ஊற்றி இறுகவைக்கும் எபாக்ஸி. தொழிற்சாலைப் பொருள். கல்யாண மாலையின் பூக்களைப் பதித்துச் சட்டம் போட்டுத் தருகிறார்களே, அது இதுதான். இதிலேயே மஞ்சள் சாயம் கலந்து மணியாக வார்த்தால் பார்க்க அம்பர் மாதிரியே இருக்கும்.

நடுவில் கோபல் என்று ஒன்று உண்டு. அதுவும் உண்மையான மரப்பிசின்தான், ஆனால் இன்னும் முழுதாக இறுகாதது. வயது சில நூறு ஆண்டுகளோ, சில ஆயிரமோ இருக்கலாம். கொலம்பியா, மடகாஸ்கர் பக்கமிருந்து வருகிறது. பொய் என்று தள்ளவும் முடியாது, அம்பர் என்று விற்கவும் கூடாது. அப்புறம், சிறு சிறு அம்பர் துண்டுகளைச் சூடாக்கி அழுத்தி ஒட்டவைத்த மணிகளும் இருக்கின்றன. பொருள் அம்பர்தான், ஆனால் ஒரே கட்டியிலிருந்து கடைந்த மணிக்குள்ள விலை அதற்குக் கிடையாது. ஆக, வாங்கும்போது "ஒரிஜினலா?" என்று மட்டும் கேட்டால் போதாது. முழு அம்பரா, அழுத்தியதா, கோபலா, வார்த்ததா என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அம்பர் வச்சிருந்தா போலீஸ் புடிக்கும்னு சொல்றாங்களே, நெசமா?

அது திமிங்கிலத்து அம்பர். எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகி வெளியே வரும் மெழுகு போன்ற பொருள். வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போவது. தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரையில் அவ்வப்போது பிடிபட்டு, 'திமிங்கில எச்சம் பறிமுதல்' என்று செய்தி வருமே, அது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். மரத்து அம்பருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பெயர் மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. மணி மாலை போட்டிருப்பவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் யாராவது சாம்பல் நிறக் கட்டி ஒன்றைக் காட்டி "அம்பர், கிலோ கோடி" என்று ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிற்காதீர்கள்.

நம்ம சாமிங்கள்ல யாருக்கு அம்பர் உகந்தது? எந்த மந்திரத்துக்கு இதை உருட்டணும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வழிபாட்டில் அம்பர் மணிக்கு என்று ஓர் இடம் இருந்ததில்லை. சிவனுக்கு ருத்ராட்சம், பெருமாளுக்கும் ஐயப்பனுக்கும் துளசி மணி, அம்பாளுக்கு ஸ்படிகமும் பவளமும், லட்சுமிக்குத் தாமரை மணி. வழக்கம் இப்படித்தான் போகும். நவரத்தினப் பட்டியலிலும் அம்பர் இல்லை. இன்ன சாமிக்கு இன்ன நாளில் அம்பர் என்று யாராவது அட்டவணை கொடுத்தால் அது விற்பனைக்காகப் போட்ட அட்டவணை.

ஆனால் பிசின் நம் வழிபாட்டில் இல்லாமல் இல்லை. நாம் அதைக் கோர்க்கவில்லை, எரித்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபக்காலில் கங்கு போட்டு அதில் தூவுகிற சாம்பிராணி, தென்கிழக்காசியாவிலிருந்து வரும் மரப்பிசின். குங்கிலியம் இன்னொன்று, ஊதுபத்தியில் சேரும் மட்டிப்பால் இன்னொன்று. மாதா கோவிலில் சங்கிலியில் ஆட்டுகிற தூபத்தில் போடும் குந்திரிக்கமும் பிசின்தான். அறுபத்துமூவரில் குங்கிலியக் கலயர் என்றே ஒரு நாயனார் உண்டு. திருக்கடவூர்க்காரர். வீட்டில் அரிசி இல்லை, நெல் வாங்கிவரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்க, வழியில் குங்கிலிய மூட்டையைப் பார்த்ததும் தாலியைக் கொடுத்து அதை வாங்கிக் கோவிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அந்த அம்மாளின் பக்கமிருந்து இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை என்பது என் குறை. ஆனாலும் பிசினுக்கு நம் பக்தியில் இருந்த மதிப்புக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஒரு கூடுதல் விஷயம். குஜராத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பர் கிடைத்திருக்கிறது. பால்டிக் அம்பரின் வேதியியலோடு அது ஒத்துப்போகவில்லை. குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பத்தோடுதான் ஒத்துப்போகிறது என்று 2010-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் தூபக்காலில் புகைவதற்கு அத்தனை பழைய பங்காளி இருக்கிறான்.

அப்போ இதை யாருதான் சாமி கும்பிடப் பயன்படுத்துறாங்க?

மூன்று பக்கம். முதலில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள். அங்கே இடைக்காலத்தில் செபமாலைக்கு மிகப் பிரியமான பொருள் அம்பர். பால்டிக் கரையை ஆண்ட டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானிய வீரத்துறவிகள் அமைப்பு அம்பர் வியாபாரத்தை மொத்தமாகக் கையில் வைத்திருந்தது. அலையில் ஒதுங்குவதை ஊர்க்காரர்கள் பொறுக்கி எடுத்துப்போனால் கடும் தண்டனை. எடுத்த அம்பர் ப்ரூஷ், லூபெக் போன்ற நகரங்களுக்குப் போகும். அங்கே செபமணி கடைவதற்கென்றே தனிச் சங்கம் வைத்திருந்த கைவினைஞர்கள் அதை மணியாக்குவார்கள். செபம் சொல்லும் மணிக்குப் பின்னால் அப்படியொரு ஏகபோகம்.

இரண்டாவது துருக்கி, அரபு நாடுகள். தஸ்பீஹுக்கு அம்பரைத்தான் உயர்வாகச் சொல்வார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பும் நம் ஆட்கள் 'கஹ்ரமான்' என்று சொல்லிக் கொண்டுவருவது இதைத்தான். கையில் உருட்டும்போது கனம் தெரியாது, உள்ளங்கைச் சூட்டுக்கு லேசாக மணக்கும், மணியோடு மணி மோதினால் மெல்லிய சத்தம்தான் வரும். இந்த மூன்றுக்காகவே விரும்புகிறார்கள்.

மூன்றாவது திபெத்து. பௌத்தர்கள் சொல்லும் ஏழு ரத்தினப் பட்டியல்கள் சிலவற்றில் அம்பரும் உண்டு. 108 மணி ஜபமாலையிலும் பெண்களின் தலை அலங்காரத்திலும் எலுமிச்சை அளவு மணிகளைப் பார்க்கலாம். திபெத்திய அம்பர் என்று இன்று விற்பதில் மிகப் பெரும்பகுதி வார்த்த மணி அல்லது அழுத்திய கோபல். கொடைக்கானலில் வாங்கினாலும் காத்மாண்டுவில் வாங்கினாலும் இதை மனதில் வையுங்கள். அழகுக்கு வாங்கினால் குற்றமில்லை, அம்பர் விலை கொடுக்காதீர்கள்.

ஜோசியர் கோமேதகம் போடச் சொன்னாரு. கடையில தேன் கலர்ல இதைக் காட்டுறாங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. கோமேதகம் நவரத்தினத்தில் ஒன்று, கல். கையில் வைத்தாலே தெரிந்துவிடும். அதே அளவு அம்பரைப்போல மூன்று மடங்குக்கு மேல் கனம், தொட்டால் சில்லென்று இருக்கும். அம்பர் தொட்டவுடன் கைச்சூட்டுக்கு வந்துவிடும், எடையே தெரியாது. புஷ்பராகத்துக்கும் இதே பதில்தான். ஜாதகத்துக்கு எது வேண்டும் என்பது உங்களுக்கும் ஜோசியருக்கும் உள்ள விஷயம், நான் உள்ளே வரவில்லை. அவர் சொன்ன பொருளைத்தான் வாங்குகிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினலான்னு வீட்லயே எப்படிப் பார்க்குறது?

ஒரே சோதனையில் தெரியாது. ஒவ்வொரு சோதனையும் ஒரு போலியைக் கழிக்கும், அவ்வளவுதான். முதலில் உப்புத் தண்ணீர். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, இனிக் கரையாது என்று அடியில் தங்கும்வரை உப்புப் போட்டுக் கலக்குங்கள். கொஞ்சம் தெளிந்ததும் உதிரி மணி ஒன்றைப் போடுங்கள். மாலையோடு போட்டால் கொக்கியும் சிலுவையும் இழுத்துக்கொண்டு போய்விடும், ஒன்றும் தெரியாது. அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பேக்கலைட் என்ற பழைய காலத்து பிளாஸ்டிக்கும் மூழ்கும். மிதந்துவிட்டது என்று உடனே சந்தோஷப்படாதீர்கள். கோபலும் மிதக்கும், சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

மிதந்த மணிக்கு அடுத்தது நெயில் பாலிஷ் ரிமூவர். அசிட்டோன் உள்ளதாக இருக்க வேண்டும். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, மணியில் துளைக்குப் பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் வைத்து எடுத்துவிட்டு விரலால் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் கோபல் அல்லது பிளாஸ்டிக். அம்பர் அவ்வளவு சீக்கிரம் இளகாது. பிறகு இருட்டில் கள்ளநோட்டு பார்க்கும் நீல டார்ச். அம்பர் பெரும்பாலும் நீலம் கலந்த வெளிச்சமாகவோ, பச்சை சாய்ந்த வெளுப்பாகவோ ஒளிரும்.

துணியில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுக்கிறதா என்று பார்ப்பது வீண்வேலை. தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பும் இழுக்கும். பெரிய தொகை கொடுத்து வாங்குவதாக இருந்தால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். அகச்சிவப்புக் கதிரை வைத்து மணியைச் சேதப்படுத்தாமல் சொல்லிவிடுவார்கள். பால்டிக் அம்பருக்கு அந்த வரைபடத்தில் அதற்கே உரிய ஒரு வடிவம் வரும்.

ஊசியைச் சுடவச்சுக் குத்திப் பார்த்தா தெரிஞ்சிரும்னு யூடியூப்ல போட்டிருக்காங்களே?

தெரியும். மணியும் போய்விடும். பழுக்கக் காய்ச்சிய ஊசி பட்டால் அம்பரிலிருந்து பைன் மரத்து வாசனையோடு வெள்ளைப் புகை வரும், விளிம்பில் பொடிப்பொடியாகச் சிதறும். பிளாஸ்டிக் என்றால் மூக்கைப் பொத்தவேண்டிய நாற்றம், ஊசியோடு நூல் மாதிரி இழுபடும். வித்தியாசம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் குத்திய இடத்தில் கருப்புப் புள்ளி நிலைத்துவிடும், அதைச் சுற்றி மெல்லிய கீறல்கள் ஓடும். பழைய மாலைகளில் துளை ஓரத்தில் இப்படிக் கருப்புப் புள்ளிகளைப் பார்த்தால், யாரோ எப்போதோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே சொன்ன சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ள பூச்சி இருக்குண்ணே. அப்போ ஒரிஜினல்தானே?

பூச்சிதான் எனக்கு முதல் சந்தேகத்தைக் கொடுக்கும். அம்பருக்குள் சிக்கும் உயிர் பெரும்பாலும் கொசு, எறும்பு அளவு. கால் மடங்கி, இறகு ஒடிந்து, கோணலாகக் கிடக்கும். வழியும் பிசினில் மாட்டிப் போராடி இறந்தது அல்லவா! போலியில் தேள், பொன்வண்டு என்று பெரிதாக, நட்டநடுவில், கால்களை அழகாக விரித்துக்கொண்டு இருக்கும். செத்த பூச்சியை வைத்து ரெசின் ஊற்றியது.

அபூர்வம் நடக்காமல் இல்லை. பர்மா அம்பர் ஒன்றில் இறகோடு கூடிய சிறிய டைனோசர் வாலின் துண்டு இருந்ததாக 2016-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதெல்லாம் அருங்காட்சியகத்துச் சமாச்சாரம், ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு வராது.

அத்தா துபாய்ல வாங்கிட்டு வந்த தஸ்பீஹ். இங்க பேக்கலைட்னு சொல்லிட்டாங்க. ஏமாந்துட்டோமா?

பேக்கலைட் விலைக்கு வாங்கியிருந்தால் ஏமாறவில்லை. 1907-ல் லியோ பேக்லாண்ட் என்பவர் கண்டுபிடித்த பழைய காலத்து பிளாஸ்டிக் அது. பினாலை மூலப்பொருளாகக் கொண்ட அந்த வகையில் செய்த தஸ்பீஹ் மணிகளுக்கு அரபு நாடுகளிலும் துருக்கியிலும் தனியாகச் சேகரிப்பவர்களே இருக்கிறார்கள். பழைய மணி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் சாதாரண அம்பரைவிடக் கூடுதலாகக்கூடக் கேட்பார்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மார்க்க ரீதியாகக் கேட்டால், ஆலிம்கள் சொல்வது பொருளைப் பற்றியதே இல்லை. தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33 அல்லது 34. எண்ணுவதற்கு விரலே மேல் என்பார்கள் பலர். மணி ஒரு உதவி. 33 மணியோ 99 மணியோ, எண்ணிக்கை தவறாமல் கோர்த்திருக்கிறதா என்பதுதான் என் வேலை. 32 மணியோடு வந்த தஸ்பீஹ் என் கைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டில் வாங்கியது என்பதற்காக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை!

தாத்தா பர்மாவுலேர்ந்து கொண்டுவந்த மாலை. செவப்பா இருக்கு. மஞ்சளாத்தானே இருக்கணும்?

பர்மா அம்பர் சிவப்பு கலந்த பழுப்பாக இருப்பது சகஜம். வடக்கே கச்சின் மாநிலத்தில் ஹூகாங் பள்ளத்தாக்கில் எடுப்பது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் வந்தவர்களும், 1960-களில் எல்லாம் அரசுடைமையானபின் கப்பலேறியவர்களும் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஏராளம். பெட்டியடியில் இப்படி ஒன்று கிடப்பது நம்பக்கூடியதுதான். ஆனால் செர்ரிப் பழச் சிவப்பில் பளபளவென்று எல்லா மணியும் ஒரே நிறமாக இருந்தால் மேலே சொன்ன பேக்கலைட் ஜாதியாகவும் இருக்கலாம். உப்புத் தண்ணீர் சொல்லிவிடும்.

புதிதாகப் பர்மா அம்பர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கங்களுக்காக ராணுவமும் கச்சின் படையும் மோதி, மக்கள் ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். சாமி கும்பிட வாங்கும் மாலைக்கு அந்தப் பாரம் வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் செபமாலையை ஃபாதர் மந்திரிச்சுத் தருவாரா? அம்பர்ல இருந்தா பலன் கூடுதலா?

தருவார். கீழவாசல் மரியன்னை பேராலயமோ இடைக்காட்டூரோ, எந்தப் பங்கிலும் மணி எந்தப் பொருள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஐந்து பத்துமணிச் செபமாலையில் 59 மணிகள். அருள் நிறைந்த மரியே 53, கர்த்தர் கற்பித்த செபம் 6. அது சரியாக இருக்க வேண்டும், அறுந்து போகாமல் இருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு நான் அம்பரைச் சிபாரிசு செய்வதே இல்லை. வேர்வையும் வெயிலும் ஒரு வாரம் பட்டால் மினுமினுப்புப் போய்விடும். மர மணியோ விதை மணியோ போதும்.

பேரனுக்குப் பல் முளைக்குது. அம்பர் மாலை போட்டா வலி தெரியாதாமே?

போடாதீர்கள் அக்கா. பால்டிக் அம்பரில் சக்சினிக் அமிலம் இருப்பது உண்மை. அது உடம்புச் சூட்டில் கசிந்து தோல் வழியாக இறங்கி வலியைப் போக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அம்பர் உருகுவதற்கே 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிள்ளை உடம்பு 37 டிகிரி.

ஆபத்து கழுத்தில்தான் இருக்கிறது. தூங்கும்போது மாலை இறுகி 18 மாதக் குழந்தை இறந்ததைச் சொல்லி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 டிசம்பரில் இந்த மாலைகளுக்கு எதிராக எச்சரிக்கை விட்டது. மணி கழன்று தொண்டையில் சிக்கும் பயமும் உண்டு. நம் வீட்டில் பிள்ளைக்குக் கட்டும் வசம்பு, கருப்புமணிக்கும் இதே எச்சரிக்கைதான். கடித்துப் பிய்க்கும் வயது வந்துவிட்டால் கழற்றிவிடுங்கள். ஈறு அரிக்கிறது என்றால் சுத்தமான துணியை நனைத்து லேசாகத் தேய்த்துவிடுங்கள், அழுகை நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

இது சைவமா? விரதத்துல போடலாமா?

மரத்திலிருந்து வந்தது, அதனால் சைவம். உள்ளே பூச்சி இருந்தால் என்ன கணக்கு என்று ஒருவர் என்னை மடக்கினார். 4 கோடி ஆண்டுக்கு முன் தானாகச் செத்தது, யாரும் கொல்லவில்லை என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

இந்தக் கேள்வியை அம்பரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. முத்து சிப்பியிடமிருந்து வருகிறது, பவளம் கடல் உயிரின் கூடு, சங்கு நத்தையின் ஓடு. இவற்றையெல்லாம் சாமி மேலேயே சாத்துகிறோம்.

தாலிக் குண்டுக்குள்ள அரக்கு இருக்கே, அதுவும் பிசின்தானா?

கிட்டத்தட்ட. அரக்கு மரம் தருவதில்லை, மரத்தின் சாற்றை உறிஞ்சும் அரக்குப் பூச்சி சுரப்பது. ஆனால் குணத்தில் பிசின்தான். பிசினை நாம் கோர்ப்பதில்லை என்று முன்னால் சொன்னேனே, அதற்கு இருக்கும் ஒரே விலக்கு இதுதான் என்று தோன்றுகிறது. தாலிக்கொடியில் வரும் குண்டு பார்க்கக் கெட்டித் தங்கம் மாதிரி இருக்கும். நிறைய வீடுகளில் அது மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அது இல்லாவிட்டால் பல்லால் கடித்தாலே நசுங்கிவிடும்.

இதனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழையதைப் போட்டுப் புதிது எடுக்கும்போது அரக்கு எடையைக் கழித்துத்தான் தங்கத்தைக் கணக்கிடுவார்கள். அது எவ்வளவு என்று வாங்கும்போதே எழுதி வாங்கிவையுங்கள். அடுத்து, பற்றவைக்கக் கொடுத்தால் அரக்குக் குண்டு என்று ஆசாரியிடம் முதலிலேயே சொல்லுங்கள். நெருப்புக் காட்டியதும் துளை வழியாகக் கருஞ்சிவப்பாக வழிந்து வெளியே வந்துவிடும், குண்டு கோதாகிப்போகும்.

ருத்ராட்சத்தோட அம்பரைச் சேர்த்துக் கோர்த்துத் தருவீங்களா?

தருவேன், ஆனால் முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன். காரணம் சாஸ்திரம் இல்லை. அம்பர் மிக மென்மையானது, ஏறக்குறைய நகத்தின் அளவுக்குத்தான் கடினம். ருத்ராட்சத்தின் முள் பக்கத்தில் உரசி உரசி ஆறு மாதத்தில் மங்கிவிடும். ஸ்படிகத்தோடு சேர்த்தால் இன்னும் மோசம். கட்டாயம் வேண்டும் என்றால் இடையில் பட்டுநூல் முடிச்சுப் போட வேண்டும். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு மணிக்கும் அப்புறம் ஒரு முடிச்சு, அதை ஊசி முனையால் மணியின் வாய்வரை தள்ளி இறுக்க வேண்டும். 108 மணிக்கு அரைநாள் வேலை. முடிச்சுப் போட்டால் இன்னொரு லாபம், அறுந்தாலும் ஒரு மணிதான் விழும், மிச்சம் சிதறாது. உலோகக் கம்பியில் கோர்க்காதீர்கள், துளை ஓரம் அறுபட்டு மணி பிளக்கும்.

கருங்காலி மாலைகூட ரெசின்ல பண்றாங்களாமே?

சாயம் ஏற்றிய மட்ட மரம்தான் அதிகம், வார்த்த மணியும் வருகிறது. வார்த்ததில் மரத்தின் ரேகை இருக்காது, அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். சாயத்தை ஈரப் பஞ்சால் துடைத்தாலே பாதி தெரிந்துவிடும். இந்த மோகம் ஏறியதிலிருந்து கோவில் வாசலில் கிடைக்கும் கருங்காலி அத்தனையும் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், அத்தனை மரம் எங்கே இருக்கிறது?

குளிக்கும்போது கழட்டணுமா? பூஜையில வைக்கலாமா?

கழற்றுங்கள். சோப்பு, சென்ட், அத்தர், கை கழுவும் சானிடைசர் எல்லாம் அம்பருக்கு ஆகாது. சென்ட் அடித்துக் காய்ந்தபின் மாலை போடுங்கள். வெயில் படும் காரின் முன்பக்கம் தொங்கவிட வேண்டாம், நாளடைவில் மேலே மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடும். பாலாபிஷேகம், சந்தனக்காப்பு இதற்கு வேண்டாம். சாமி படத்துக்குச் சாத்தலாம், ஆனால் தீபத்துக்கும் சாம்பிராணிக் கரண்டிக்கும் எட்டத்தில் இருக்கட்டும். இதுவும் எரிகிற பொருள்தான். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

தீட்டு வீட்டுக்குப் போகும்போது கழற்ற வேண்டுமா என்றால், உங்கள் வீட்டில் ருத்ராட்சத்துக்கு என்ன வழக்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவோட மாலை அறுந்து ரெண்டு மணி காணாமப் போச்சு. புது மணி சேர்க்கலாமா? இல்ல, மொத்தமா வைகையில விட்டுரவா?

சேர்க்கலாம். பழைய மணி வருடங்கள் ஆக ஆக நிறம் ஆழமாகும், புதியது வெளுப்பாகத் தெரியும். அதனால் புது மணிகளைக் கழுத்துக்குப் பின்னால், கொக்கிக்குப் பக்கத்தில் வைத்துக் கோர்ப்பேன். எண்ணிக்கை முக்கியமில்லாத அலங்கார மாலை என்றால் இருக்கிற மணியோடு கொஞ்சம் குட்டையாகக் கோர்ப்பது இன்னும் நல்லது. மணியைக் கொண்டுவரும்போது பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள், பர்ஸில் சில்லறையோடு போட்டுவந்தால் கீறல் விழும்.

வைகையில் விட வேண்டாம். வார்த்த ரெசின் என்றால் கரையாது, தெப்பக்குளத்துப் பக்கம் எங்காவது போய் ஒதுங்கும். அம்பராக இருந்தாலும் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. வீட்டில் வைக்க மனமில்லை என்றால் மணிகளை உதிர்த்து ஆளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கயிற்றில் ஒற்றை மணியாகக் கட்டித் தர ஐந்து நிமிடம்தான் ஆகும்.